கோர்ட்டில் சண்டை போடாமல் பிரிவது: தென்னாப்பிரிக்காவில் எது முடியும், எது முடியாது

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் வசிக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருப்பது இது. திருமணமாகிப் பதினைந்து வருடம். கோயிலில் தாலி கட்டி, அன்றைக்கே ஐயர் கையால் பதிவும் ஆகிவிட்டது. திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. 12, 8 வயதில் இரண்டு பிள்ளைகள், பாண்டு (வீட்டுக் கடன்) கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீடு, இருவருக்கும் பென்ஷன். பிரிவது என்று இருவருமே முடிவு செய்துவிட்டார்கள். கோர்ட் படி ஏறாமல் முடிக்கலாமா? பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து பேசி, கோயில் கமிட்டிப் பெரியவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டால் செல்லுமா? பதிவு செய்யாமல் தாலி மட்டும் கட்டிக்கொண்ட தங்கைக்கும் இதே வழிதானா?

உங்கள் தகராறு முழுவதையும் கோர்ட்டுக்கு வெளியே தீர்த்துக்கொள்ளலாம். திருமணத்தை மட்டும் வெளியே முடிக்க முடியாது. பதிவான திருமணத்தை 1979-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி நீதிமன்றம்தான் கலைக்க வேண்டும். வியாபாரத் தகராறுக்குச் செய்வதுபோல் ஒரு நடுவரை வைத்துத் தீர்ப்பு வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. 1965-ஆம் ஆண்டின் நடுவர் சட்டம், இரண்டாம் பிரிவிலேயே, திருமண வழக்குகளையும் அவற்றோடு ஒட்டிய விஷயங்களையும் விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் வழி ஒன்றுதான். எல்லாவற்றையும் பேசி முடித்து எழுதி, அந்தத் தாளை நீதிமன்றத்தின் ஆணையாக மாற்றிக்கொள்வது. அப்படிப் போனால் கோர்ட்டில் உங்கள் வேலை சில நிமிடம். பேசாமல் போனால் சில வருடம்.

பெரியப்பா வீட்டுப் பேச்சு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் சக்தி சில குடும்பங்களில் பெரியவர்களுக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் அதில் மூன்று ஓட்டைகள். அங்கே பேசியது ரகசியமில்லை. பின்னால் சண்டை வந்தால் அதே பெரியப்பா சாட்சியாக வந்து நிற்பார். இரண்டாவது, பணக் கணக்கை யாரும் தாளில் கேட்கமாட்டார்கள், கேட்டால் மரியாதைக் குறைவு. மூன்றாவது, அங்கே போட்ட கையெழுத்து வெறும் ஒப்பந்தம். கணவர் பணம் அனுப்பாவிட்டால் அதை வைத்துக்கொண்டு அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது. பிள்ளைகள் பற்றியும் பென்ஷன் பற்றியும் எழுதியது யாரையும் கட்டாது. பெரியவர்களை வைத்து “பேசித் தீர்க்கிறோம்” என்ற சம்மதத்தை வாங்குங்கள். எண்களையும் தேதிகளையும் பயிற்சி பெற்ற மீடியேட்டரிடம், அதாவது இருவரையும் உட்கார வைத்துச் சமரசம் பேச உதவும் நடுநிலையாளரிடம், வைத்துக்கொள்ளுங்கள்.

மீடியேட்டர் யார் என்பதில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் குடும்ப மீடியேட்டர் என்று பலகை மாட்ட உரிமம் வேண்டும் என்று இன்னும் சட்டம் இல்லை. குடும்ப மீடியேட்டர்களுக்கான தேசிய அங்கீகார வாரியம், நப்ஃபாம், தானாகவே ஒரு தரத்தை வைத்திருக்கிறது. அதன் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பென்ஷனும் வீடும் இருக்கும் உங்கள் விஷயத்துக்குச் சட்டப் பின்னணி உள்ளவர் நல்லது. பிள்ளைகள் பற்றித்தான் முழுச் சண்டையும் என்றால் சோஷியல் வொர்க்கர் அல்லது உளவியலாளர் நல்லது. கட்டணம் மணிக்கணக்கில். பொதுவாக ஆளுக்குப் பாதி. பணமில்லை என்றால் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட பகுதிக்கு ஃபேமிலி அட்வகேட் அலுவலகம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அரசு அலுவலகம் அது, டர்பனிலும் உண்டு, ஒரு காசு வாங்குவதில்லை. ஆனால் அது பிள்ளைகளின் நலனை மட்டும் பார்க்கும், வீடும் பென்ஷனும் பேசாது. ஃபாம்சா என்ற குடும்ப ஆலோசனை அமைப்பில் குறைந்த கட்டணத்தில் ஆலோசனை கிடைக்கும். வருமானம் குறைவென்றால் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்காவையோ, ஹோவர்ட் காலேஜில் உள்ள பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தையோ கேட்கலாம்.

வக்கீலாக இருக்கும் ஒருவர் உங்களுக்கு மீடியேட்டராக இருந்தால், பிறகு அவர் உங்கள் இருவரில் ஒருவருக்கு வக்கீலாக ஆகக்கூடாது. “இரண்டு பேருக்கும் நானே பார்த்துத் தருகிறேன்” என்று கணவரின் வக்கீல் சொன்னால், அவர் கணவரின் வக்கீல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் உங்கள் பக்கத்துக்கு ஒருவர் ஒரு மணி நேரம் அந்தத் தாளைப் படிக்கட்டும். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் இழப்பதைத்தான் நிறையப் பார்க்க முடிகிறது.

உட்கார்ந்தால் நடப்பது இப்படி. முதலில் ஒரு மீடியேஷன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவீர்கள். பேசுவது ரகசியம், பிறகு கோர்ட்டில் அதை எடுத்துக் காட்டக்கூடாது, யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பது அதில் இருக்கும். ரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு. பிள்ளை அடிபடுகிறது அல்லது தவறாக நடத்தப்படுகிறது என்று தெரிந்தால், 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவுப்படி வக்கீல், சோஷியல் வொர்க்கர், ஆசிரியர், மதகுரு எல்லாரும் புகார் செய்தே ஆகவேண்டும். நீங்கள் ஆசிரியை, உங்களுக்கு இது புதிதல்ல.

முதல் அமர்விலேயே இடைக்கால ஏற்பாட்டை எழுதிவிடுங்கள். பேச்சு நடக்கும் மாதங்களில் பாண்டு யார் கட்டுவது, பள்ளிக் கட்டணம், மெடிக்கல் எய்ட், பிள்ளைகள் எங்கே தூங்குவது. இதை விட்டுவிட்டால் மூன்றாம் வாரமே யாராவது கார்டை முடக்குவார்கள், அடுத்த வாரம் விதி 43-இன் கீழ் இடைக்காலப் பராமரிப்பு கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனு, அதோடு பேச்சு முடிந்தது.

அதற்கு முன்பே, பேச உட்காருவதற்கும் முன்பே, தாள்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு (எல்லாக் கணக்கும், சேமிப்பு உட்பட), பாண்டு பாக்கி எவ்வளவு என்ற வங்கிக் கடிதம், வீட்டுக்கு இரண்டு மூன்று ஏஜெண்டுகளின் எழுத்துப்பூர்வ மதிப்பீடு, பென்ஷன் நிதியிடமிருந்து விவாகரத்துக்கான தொகை இன்ன தேதியில் இவ்வளவு என்ற கடிதம், இன்ஷூரன்ஸ் பாலிசிகளின் சரண்டர் மதிப்பு, காருக்கு முடிக்கவேண்டிய தொகை, கடைசி சார்ஸ் (வரித்துறை) மதிப்பீடு, இருவருக்கும் கிரெடிட் அறிக்கை. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை. மறைந்திருக்கும் கடைக் கணக்கும் தனிக்கடனும் வெளியே வருவது அதில்தான். பேச்சு முறிவதற்குக் கோபம் காரணமாவதைவிட, பாதி வழியில் தெரியவரும் ஒரு கணக்கு காரணமாவதே அதிகம்.

இனிச் சொத்து. முன்ஒப்பந்தம் இல்லை என்றீர்கள். அப்படியானால் உங்களது கூட்டுச் சொத்துத் திருமணம். இருவர் பெயரில் இருப்பதும், ஒருவர் பெயரில் இருப்பதும், கடனும் எல்லாம் ஒரே குவியல், ஆளுக்குப் பாதி. விவாகரத்துச் சட்டத்தின் 7(7) பிரிவுப்படி பென்ஷனும் அந்தக் குவியலில் சேரும். உங்கள் அரசுப் பென்ஷனில் அவருக்குப் பாதி, அவருடையதில் உங்களுக்குப் பாதி. ஆனால் எல்லாவற்றையும் அறுத்துப் பாதியாக்க வேண்டியதில்லை, ஒன்றுக்கு ஒன்று ஈடு செய்யலாம். எண் போட்டுப் பார்ப்போம். வீடு 14,00,000 ராண்டு, பாண்டு பாக்கி 5,00,000, ஆக வீட்டில் நிற்பது 9,00,000. உங்கள் பென்ஷன் 11,00,000, அவருடையது 7,00,000. கிரெடிட் கார்டுக் கடன் 80,000. மொத்தம் 26,20,000, ஆளுக்கு 13,10,000. பிள்ளைகளோடு வீட்டில் இருக்க நீங்கள் விரும்பினால், வீடும் பாண்டும் உங்களுக்கு, கடன் அவருக்கு, உங்கள் பென்ஷனிலிருந்து 6,90,000 அவருக்கு. உங்களுக்கு வீட்டில் 9,00,000-மும் பென்ஷனில் 4,10,000-மும் நிற்கும். அவருக்குத் தன் 7,00,000, உங்களிடமிருந்து 6,90,000, அதில் கடன் 80,000 போக அதே 13,10,000.

தாளில் சரிதான். ஆனால் வீட்டின் ஒரு ராண்டும் பென்ஷனின் ஒரு ராண்டும் ஒன்றல்ல. பென்ஷன் பணத்தை அவர் ரொக்கமாக எடுத்தால் வரி அவர் தலையில். வேறொரு ஓய்வூதிய நிதிக்கு மாற்றினால் அப்போது வரி இல்லை. இதை அவர் பின்னால் கண்டுபிடித்துக் கசப்படைவதைவிட, அமர்விலேயே பேசி எண்ணைச் சரிசெய்வது மேல். உங்கள் பக்கமும் யோசிக்க வேண்டும். எடுத்துக்கொடுத்த அளவுக்கு உங்கள் பணிக்காலக் கணக்கு குறையும், ஓய்வு பெறும்போது மாதப் பென்ஷன் இறங்கும். நாற்பது வயதில் வீட்டுக்காகப் பென்ஷனை விடுவதும் ஐம்பத்தைந்தில் விடுவதும் ஒரே முடிவல்ல. வீட்டின் மேல் உள்ள ஆசையில் பெண்கள் இதில்தான் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

பென்ஷன் வாசகம் எழுதுவதில் பிழை வந்தால் நிதி பணம் தராது. “அவர் பென்ஷனில் பாதி எனக்கு” என்று எழுதினால் போதாது. நிதியின் முழுப் பெயர், உறுப்பினர் எண், விவாகரத்துச் சட்டம் பயன்படுத்தும் “பென்ஷன் இன்ட்ரஸ்ட்” (வட்டி அல்ல, பென்ஷனில் உள்ள பங்கு) என்ற அதே சொல், விவாகரத்துத் தேதியில் இருக்கும் தொகையில் இத்தனை சதவீதம் அல்லது இத்தனை ராண்டு, அதை அந்த நிதி நேரடியாக இன்னாருக்குச் செலுத்த ஆணையிடப்படுகிறது என்ற வரி, இத்தனையும் வேண்டும். முதலாளி கம்பெனியின் பெயரை எழுதி நிதியின் பெயரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வரைவை நிதிக்கு முன்கூட்டியே அனுப்பி, “இந்த வாசகத்தின்படி பணம் தருவீர்களா” என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். தனியார் நிதிகளில் நடைமுறைக்குக் கெடு உண்டு. ஆணை கிடைத்து 45 நாளுக்குள் நிதி உங்களிடம் ரொக்கமா, மாற்றமா என்று கேட்கவேண்டும். கேட்டதிலிருந்து 120 நாளுக்குள் நீங்கள் சொல்லவேண்டும். சொன்ன 60 நாளில் அவர்கள் முடிக்கவேண்டும்.

வீட்டில் மறக்கப்படுவது வங்கி. உங்கள் ஒப்பந்தம் வங்கியைக் கட்டாது. “பாண்டு இனி மனைவி கட்டுவார்” என்று எழுதி ஆணையும் வாங்கிவிட்டு, இருவர் பெயரிலும் பாண்டு ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் தவறினால் வங்கி அவரைப் பிடிக்கும். அவரும் வேறு வீட்டுக்குக் கடன் வாங்க முடியாது. ஒற்றைச் சம்பளத்தில் உங்களுக்கு அந்தக் கடன் கிடைக்குமா என்று கையெழுத்துக்கு முன்பே வங்கியிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் விற்பதுதான் வழி. விற்பதானால் தொடக்க விலை, யார் ஏஜெண்ட், எத்தனை மாதத்தில் விற்காவிட்டால் எத்தனை சதவீதம் இறக்குவது, பத்திரம் மாறும் நாள்வரை பாண்டும் முனிசிபல் வரியும் யார், வீடு பார்க்க வருபவர்களுக்குக் கதவு திறப்பது யார் என்பதுவரை எழுதவேண்டும். ஒருவரே வைத்துக்கொண்டால், கூட்டுச் சொத்துத் திருமணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் பழைய பத்திரத்தின்மேலேயே குறிப்பெழுதி மாற்றிக்கொள்ள வழி உண்டு. விவாகரத்தினால் வரும் மாற்றத்துக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டியும் (சொத்து கைமாறும்போது கட்டும் வரி) இல்லை.

நகை. சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள், பிறகு இரண்டு குடும்பமும் பத்து வருடம் அதைப் பேசும். கூட்டுச் சொத்தில், கொடுத்தவர் “இது அவளுக்கு மட்டும்” என்று நிபந்தனை வைத்திருந்தால் தவிர நகையும் குவியலில்தான். முன்ஒப்பந்தமும் அக்ரூவலும் (திருமண காலத்தில் வளர்ந்த சொத்தைப் பகிரும் முறை) உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. 1984 நவம்பர் 1-க்குப் பின்னான அந்த முறையில், இருவரில் சொத்து அதிகம் வளர்ந்தவர், குறைவாக வளர்ந்தவருக்கு வித்தியாசத்தில் பாதி தரவேண்டும், திருமண காலத்தில் வந்த வாரிசுச் சொத்தும் அன்பளிப்பும் கணக்கில் வராது. நடைமுறையில் நான் சொல்வது, தாலியையும் தாய்வீட்டு நகையையும் பட்டியல் போட்டு, எடையோடு எழுதி, பேச்சின் முதல் மணி நேரத்திலேயே பெண்ணிடம் ஒப்படைத்துவிடுங்கள். அந்த ஒரு நல்லெண்ணம் மற்ற பேச்சை எளிதாக்கும்.

முன்ஒப்பந்தத்தில் அக்ரூவலையும் விலக்கியவர்கள், “உனக்கு எதுவும் கிடையாது” என்ற பழைய வாசகத்தை நம்பி மடங்கிவிட வேண்டாம். அப்படிப்பட்ட திருமணங்களிலும் சொத்தை வளர்க்க உதவிய துணை பங்கு கேட்க முடியாதபடி திருமணத் தேதியை வைத்து இருந்த தடை செல்லாது என்று 2023 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீடியேஷன் மேசையில் இது பெரிய எடை.

பிள்ளைகள் விஷயத்தில், பேசிப் பார்ப்பது உங்கள் விருப்பம் மட்டுமல்ல. குழந்தைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, பெற்றோருக்குள் தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போகும் முன் ஒரு பேரன்டிங் பிளானுக்கு (பிள்ளை வளர்ப்பு ஏற்பாட்டுத் திட்டம்) முயற்சி செய்யவேண்டும் என்கிறது. அதுவும் ஃபேமிலி அட்வகேட், சோஷியல் வொர்க்கர், உளவியலாளர் ஒருவரின் உதவியோடு அல்லது மீடியேஷன் வழியாக. எழுதி, கையெழுத்திட்டு, ஃபேமிலி அட்வகேட்டிடம் பதிவு செய்யலாம், அல்லது கோர்ட் ஆணையாக்கலாம். 12 வயது மகளிடம் அவள் வயதுக்கேற்ப அபிப்பிராயம் கேட்கவேண்டும் என்பதும் சட்டம். “யாரோடு இருக்கிறாய்” என்று கேட்கச் சொல்லவில்லை. பள்ளி, டான்ஸ் வகுப்பு, தோழிகள், வார இறுதி எப்படி வேண்டும் என்று கேட்பது வேறு, அப்பாவா அம்மாவா என்று கேட்பது வேறு. அவள் அபிப்பிராயத்தை மீடியேட்டரோ உளவியலாளரோ தனியாகக் கேட்பதே முறை.

பிளானில் “நியாயமான தொடர்பு” என்ற சொல் வந்தால் அடித்துவிடுங்கள். நல்லவர்களுக்கு அது தேவையில்லை, சண்டைக்காரர்களுக்கு அது ஆயுதம். ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி மாலை 5 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணிவரை, எந்த வாசலில் ஒப்படைப்பு, தாமதமானால் எத்தனை நிமிடம் காத்திருப்பது, வாரநாளில் எத்தனை மணிக்கு போன். நான்கு பள்ளி விடுமுறைகளும் எப்படிப் பிரியும், டிசம்பர் விடுமுறையில் கிறிஸ்துமஸ் வாரம் இந்த வருடம் யாருக்கு, அடுத்த வருடம் யாருக்கு. நம் வீடுகளில் உண்மையான சண்டை வேறு நாட்களில் வரும். தீபாவளி, ஏப்ரலில் புத்தாண்டு, தைப்பூசக் காவடி, ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில். தந்தை காவடி எடுப்பவர் என்றால் விரத நாட்களில் பிள்ளை எங்கே என்பதும் எழுதவேண்டியதுதான். அச்சடித்த மாதிரிப் பிளானில் இவை இருக்காது.

பயணமும் எழுதுங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கும் நாட்டைவிட்டு வெளியே போவதற்கும் இரு பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவில் கல்யாணம் என்று டிக்கெட் எடுத்துவிட்டு, கையெழுத்துக்காகக் கெஞ்சுவது வழக்கமான காட்சி. இத்தனை நாள் முன்னறிவிப்பு, போகும் வரும் டிக்கெட் விவரம், இத்தனை நாளில் கையெழுத்து என்று இருந்தால் அது தேவைப்படாது. சின்னச் சின்னத் தகராறுகளுக்கு ஒரு ஃபெசிலிடேட்டரின் பெயரைப் பிளானிலேயே போடலாம். ஒப்படைப்பு நேரம், வகுப்பு மாற்றம் போன்றவற்றை அவர் முடிவு செய்வார். பிள்ளை யாரிடம் வளர்வது என்பதுபோன்ற ஆணையின் அடிப்படையை மாற்ற அவருக்கு அதிகாரம் கொடுக்க முடியாது.

பிள்ளைச் செலவில் “18 வயதுவரை” என்று எழுதாதீர்கள். சட்டப்படி கடமை, பிள்ளை தன் காலில் நிற்கும்வரை. படிக்கும் பிள்ளைக்கு 18-க்குப் பிறகும் தொடரும், வயதுவந்த பிள்ளைக்காகத் தாயோ தந்தையோ விவாகரத்து வழக்கிலேயே கேட்கலாம் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2022-இல் சொல்லிவிட்டது. தொகை இருவர் வருமான விகிதத்தில் அமையும். நீங்கள் 24,000, அவர் 36,000 கொண்டுவந்தால், பிள்ளைகளின் செலவு 15,000 என்றால் உங்களது 6,000, அவரது 9,000. எந்த நாளில், எந்தக் கணக்கில், வருடாவருடம் விலைவாசிக் குறியீட்டின்படி எந்த மாதத்தில் ஏறும், மெடிக்கல் எய்ட் யார், அது தராத மீதியில் யார் எத்தனை சதவீதம், பள்ளிச் சீருடை, லேப்டாப், கார் பூலிங் என்று செலவுகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆணையான பிறகு பணம் வராவிட்டால் மேஜிஸ்திரேட் கோர்ட்டில், சாட்ஸ்வர்த்திலோ வெருலத்திலோ, பராமரிப்பு அதிகாரியிடம் போய் சம்பளப் பிடித்தம் கேட்கலாம். திருமணமே ஆகாதவர்களும் அந்த அதிகாரி முன்னிலையில் ஒத்துக்கொண்டு, விசாரணையின்றி அதைச் சம்மத ஆணையாக்கிக்கொள்ளலாம்.

உங்களுக்கான பராமரிப்பு தனி விஷயம், இதில் ஒரு பொறி உண்டு. விவாகரத்து ஆணையில் உங்களுக்குப் பராமரிப்பு இல்லை என்றால், பிறகு எந்த நிலைமை வந்தாலும் கேட்க முடியாது. இருக்கும் ஆணையை மட்டுமே பின்னால் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆகவே இப்போது தேவையில்லாவிட்டாலும், நோயோ வேலையிழப்போ வரக்கூடும் என்று பயந்தால், மாதம் ஒரு ராண்டு என்று எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை எளிதில் விடமாட்டார், அவர்களுக்கு முழு முடிவு வேண்டும். இது நிஜமான பேரம், எதற்கு ஈடாக விடுகிறீர்கள் என்று தெரிந்து விடுங்கள்.

பேசியது முடிந்ததும் மீடியேட்டர் ஒரு குறிப்பு எழுதித் தருவார். அதை வக்கீல் செட்டில்மென்ட் ஒப்பந்தமாக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் சுருக்கொப்பம், கடைசியில் சாட்சிகளோடு கையெழுத்து. பிறகு ஒருவர் சம்மன் எடுக்கவேண்டும். 2010 ஆகஸ்ட் முதல் ரீஜனல் கோர்ட்டும் விவாகரத்து தரும், உயர் நீதிமன்றத்தைவிடச் செலவு குறைவு. ஒப்புக்கொண்ட விவாகரத்துக்கு அது போதும். பிள்ளைகள் இருப்பதால் ஃபேமிலி அட்வகேட்டுக்கான இணைப்பு ‘ஏ’ படிவத்தை உறுதிமொழியோடு நிரப்ப வேண்டும். அந்த அலுவலகம் உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துக் குறிப்பிடும்வரை வழக்கு நகராது. பிள்ளைகளின் ஏற்பாடு திருப்தி என்று தோன்றாமல் நீதிபதி கலைக்கமாட்டார். சம்மனை ஷெரிஃப் கணவர் கையில் நேரடியாகக் கொடுக்கவேண்டும். வீட்டு வாசலில் ஒட்டினால், மாமியாரிடம் கொடுத்தால் செல்லாது. அவர் எதிர்க்காவிட்டால் வழக்கு எதிர்ப்பற்ற பட்டியலில் வரும், நீங்கள் போய் நின்று உறவு மீட்க முடியாதபடி உடைந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. ஒப்பந்தத்தை ஆணையாக்கும்படி சம்மனிலேயே கேட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் விட்டு, கலைப்பு மட்டும் கிடைத்து, ஒப்பந்தம் வெறும் தாளாக நிற்பதும் உண்டு.

உங்கள் கணவர் பேச்சுக்கே வரமாட்டேன் என்றால்? 2020 மார்ச் 9 முதல் உயர் நீதிமன்றத்தில் விதி 41ஏ இருக்கிறது. வழக்குப் போடும்போதே மீடியேஷனுக்குச் சம்மதமா, இல்லையென்றால் ஏன் என்று இரு தரப்பும் எழுத்தில் சொல்லவேண்டும். கட்டாயம் என்று சொல்ல முடியாது, ஆனால் காரணமில்லாமல் மறுத்தவர் செலவுத் தொகையில் அடி வாங்கலாம். 2009-லேயே ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு விவாகரத்து வழக்கில், கட்சிக்காரர்களை மீடியேஷனுக்கு அனுப்பாத வக்கீல்களின் கட்டணத்தை நீதிபதி குறைத்தார். ஜோகன்னஸ்பர்க் உள்ள காவ்டெங் மாகாணத்தில் 2025 ஏப்ரல் முதல் மீடியேட்டர் அறிக்கை இல்லாமல் விசாரணைத் தேதியே கிடையாது. டர்பன்காரர்கள் அதைச் சுட்டிக்காட்டிப் பேசலாம்.

அடி, மிரட்டல், பணத்தை முழுக்கக் கட்டுப்படுத்தி வைப்பது இருந்தால் இத்தனையும் பொருந்தாது. முதலில் மேஜிஸ்திரேட் கோர்ட்டில் 1998-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை. அதன் பிறகு, வேண்டுமானால், இருவரும் ஒரே அறையில் உட்காராமல் மீடியேட்டர் மட்டும் அங்குமிங்கும் போய்வரும் முறையில் பேசலாம். “பாதுகாப்பு ஆணையை வாபஸ் வாங்கு, வீட்டைத் தருகிறேன்” என்ற பேரத்துக்கு ஒருநாளும் ஒத்துக்கொள்ளக்கூடாது. இந்த இடத்தில் பெரியவர்கள் “குடும்ப மானம்” என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கை விஷயம். பதிவில்லாத கோயில் திருமணத்துக்கு விவாகரத்து ஆணை தேவையும் இல்லை, கிடைக்கவும் கிடைக்காது. 2007-இல் டர்பன் உயர் நீதிமன்றம் ஒரு இந்துத் திருமணத்தில் விவாகரத்துச் சட்டத்தைப் பொருத்த மறுத்துவிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அதே நீதிமன்றம், கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அத்தகைய மனைவிக்கு வாரிசுரிமை உண்டு என்றது. இறப்பில் மனைவி, பிரிவில் மனைவி இல்லை என்ற வினோத நிலைதான் இன்றைக்கும். எனவே அவளுக்குப் பேசி எழுதும் ஒப்பந்தமே மையம். பேச்சு முறிந்தால், இருவரும் சேர்ந்து உழைத்துச் சொத்துச் சேர்த்தோம் என்று யுனிவர்சல் பார்ட்னர்ஷிப்பை நிரூபிக்க வேண்டிவரும். அதற்கு ரசீது, வங்கிக் கணக்கு, கடையில் அவள் செய்த வேலை எல்லாம் சாட்சியாக வேண்டும். மூன்று வருடத்தில் காலாவதி என்ற வாதமும் எதிரே வரும், ஆகவே தள்ளிப்போடக் கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் வித்தியாசம் எதுவும் இல்லை. பராமரிப்பும் பேரன்டிங் பிளானும் உங்களுக்கு உள்ளதே. தந்தைக்கு உரிமை உண்டா இல்லையா என்று தகராறு வந்தால், குழந்தைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அதை முதலில் மீடியேஷனுக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

ஆணை கையில் கிடைத்த வாரமே உயிலை மாற்றுங்கள். விவாகரத்துக்குப் பின் மூன்று மாதத்துக்குள் இறந்தால்தான் முன்னாள் துணைக்கு எழுதியதைச் சட்டம் ஒதுக்கும். மூன்று மாதம் தாண்டினால் பழைய உயில் எழுதியபடியே நிற்கும், வீடு அவருக்கே போகும். இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் வாரிசாகப் போட்ட பெயரும் தானாக மாறாது. மெடிக்கல் எய்டில் அவருடைய உறுப்பினர் அட்டையில் நீங்கள் இருந்தால், பெயர் நீங்கும் நாளுக்கு முன் உங்கள் சொந்த உறுப்பினர் எண் தொடங்கிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டால் காத்திருப்புக் காலம் போடுவார்கள்.